முதலில் கல்யாணம், அப்புறம் காதல்

வணக்கம். கொஞ்ச நாளாக அமெரிக்க மேற்குப் பகுதியில் நடக்கிற சரித்திரக் காதல் நாவல்களை வாசித்து வருகிறேன். எதைத் திறந்தாலும் மனைவியை இழந்த பண்ணைக்காரன், தாயில்லாத குழந்தை, பத்திரிகை விளம்பரம் பார்த்து ரயிலேறி வரும் பெண். முதலில் கல்யாணம், அப்புறம்தான் காதல். இது வெறும் ஃபார்முலாவா, நிஜத்திலும் இப்படி நடந்ததா?
ப.

அன்புள்ள ப.,

ஃபார்முலாதான். ஆனால் அதில் பாதியை எழுதியது அமெரிக்க அரசாங்கம். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை கேட்டு மனுப் போடலாம், ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் வைத்தால் நிலம் சொந்தம். (அந்த நிலம் அதற்கு முன் எந்தப் பழங்குடிகளுடையது என்ற பேச்சை இந்த நாவல்களில் பெரும்பாலும் பார்க்க முடியாது, அது தனிக் கோபம்.) மரமே இல்லாத சமவெளியில் புல்மண்ணை வெட்டி அடுக்கிக் கட்டிய வீட்டில் மாடு, கோழி, விறகு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாது. ஆகவே 'மனைவி தேவை' என்று எழுதியவன் காதலை மட்டும் நினைத்து எழுதவில்லை. இப்படிப்பட்ட விளம்பரங்களுக்கென்றே 1870-களில் 'மேட்ரிமோனியல் நியூஸ்' என்று ஒரு பத்திரிகை நடந்தது.

நாவலாசிரியர்கள் கோட்டைவிடுவது வேறு இடத்தில். அதே சட்டம் மணமாகாத பெண்ணுக்கும் விதவைக்கும் தன் பெயரிலேயே நிலம் கேட்கும் உரிமை கொடுத்தது, கணவனோடு வாழ்கிறவளுக்குப் பொதுவாகக் கொடுக்கவில்லை. கல்யாணத்துக்குச் சரி என்று சொல்வதற்கு முன் ஒரு பெண் யோசிக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? நம் நாயகிகளோ பழைய காதலனை நினைத்துத்தான் தயங்குகிறார்கள்.

எலினோர் ப்ரூயிட் ஸ்டூவர்ட் என்று ஒருவர். 1909-ல் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு டென்வரிலிருந்து வயோமிங்குக்கு, மனைவியை இழந்த க்ளைட் ஸ்டூவர்ட்டின் பண்ணைவீட்டு வேலைக்குப் போனார். க்ளைடின் நிலத்தை ஒட்டியே எலினோர் தன் பெயரில் மனுப் போட்டார், ஒரு வாரத்தில் க்ளைடையே கல்யாணமும் செய்துகொண்டார். நீங்கள் படிக்கிற நாவலேதான், ஆனால் கணக்கு தெரிந்த நாயகி. முன்பு வேலை பார்த்த வீட்டம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1914-ல் புத்தகமாயின. கல்யாணத்தைப் பற்றி அந்த அம்மாவிடமே பல மாதம் மூச்சுவிடவில்லை, பிறகுதான் சொல்கிறார்: வேலைக்கு நடுவே சொருகிய கல்யாணம், கழற்ற மறந்த ஏப்ரன், காலில் பழைய செருப்பு. பின்னாளில், அவர் மனுப் போட்ட நிலத்தைத் தக்கவைக்கத் தம்பதி தனித்தனி வீட்டில் குடியிருந்தாக வேண்டும் என்ற சிக்கல் வந்து, அந்த நிலம் மாமியார் பெயருக்குப் போயிற்று.

காதலா அது என்று கேட்பீர்கள். அவர்களுடைய முதல் ஆண் குழந்தை இறந்தபோது, தச்சு தெரிந்த கணவர் சவப்பெட்டியைச் செய்தார், எலினோர் அதற்கு உள்ளே பஞ்சு வைத்துத் துணி தைத்தார். இருவரும் சேர்ந்து செய்த அந்த வேலையைப் பற்றி அவர் எழுதியிருக்கும் நாலைந்து வரிகளைப் படித்த பிறகு, மழையில் நனைந்து முத்தமிடுகிற அத்தியாயங்களை நான் புரட்டித் தள்ளிவிடுகிறேன்.

அடுத்த நாவலில் நாயகி தன் பெயரில் மனுப் போட்டுவிட்டுக் காதலிக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் எனக்குத் தலைப்பை மட்டும் அனுப்புங்கள், கதையைச் சொல்லிவிடாதீர்கள்.