பேடாக் ஸ்டாண்டு: தனி ஆளாகப் பைக்கை ஏற்றி இறக்குவது எப்படி? – கேள்வி பதில்

பைக் பட்டறை வேலை என் பிழைப்பு. சென்டர் ஸ்டாண்டு இல்லாத பைக்குகள் பெருகிவிட்டதால், பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டைப் பலரும் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார்கள். உதவிக்கு ஆள் இல்லாமல் அதைப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, யமஹா ஆர்15 வைத்திருக்கிறேன். ஒரு கையில் வண்டி, ஒரு கையில் ஸ்டாண்டு. இன்னொரு கை இருந்தால்தான் முடியும் போலிருக்கிறது. தனியாக எப்படி ஏற்றுவது?

பதில்: அந்த இன்னொரு கை சைடு ஸ்டாண்டுதான் தம்பி. அதை மடக்கிவிட்டு வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி காலால் பேடாக் ஸ்டாண்டைத் தேடுகிறவர்கள்தான் வண்டியைக் கீழே போடுகிறார்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் சைடு ஸ்டாண்டு கீழேயே இருக்கட்டும். உங்கள் கை மட்டுமே வண்டியைத் தாங்குகிற நிலை ஒரு நொடிகூட வரக்கூடாது.

அடுத்தது முன் பிரேக். பழைய டியூபில் ஒரு பட்டை வெட்டி, பிரேக் லீவரை கிரிப்போடு சேர்த்து இறுகக் கட்டுங்கள். "கியரில் போட்டிருக்கிறேனே" என்பார்கள். பின் சக்கரம் தரையை விட்டு எழுந்த பிறகு கியர் எதைப் பிடிக்கும்? அப்போது தரையில் இருப்பது முன் சக்கரம் ஒன்றுதான். அது உருண்டால் வண்டி ஸ்டாண்டிலிருந்து முன்னால் இறங்கிவிடும்.

சைடு ஸ்டாண்டுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் அகலமான பலகைத் துண்டு வைத்தால் வண்டியின் சாய்மானம் குறையும், நிமிர்த்துவது எளிது. அதற்கு மேல் கனம் வேண்டாம், வண்டி வலப்பக்கம் சாயத் தொடங்கும்.

இனி வண்டியின் இடப்பக்கம், பின் சக்கரத்தை ஒட்டி நில்லுங்கள். இடக்கை பின் கைப்பிடியில்; கைப்பிடி இல்லாத மாடல் என்றால் பின் சீட்டின் அடி விளிம்பில். உள்ளங்கையால் தள்ளாதீர்கள், விரல்களால் பற்றுங்கள். வண்டி அளவுக்கு மீறி வலப்பக்கம் போனால் திருப்பி இழுக்கப் பிடி வேண்டுமே. வலக்கையால் பேடாக் ஸ்டாண்டைப் பின்னாலிருந்து நுழைத்து, இடப்பக்கக் கொக்கியை முதலில் ஸ்பூலுக்கு (பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் என்ற சட்டத்தின் இரு பக்கமும் திருகி மாட்டும் சிறு உருளை) அடியில் கொடுங்கள். வண்டியை மெல்ல நிமிர்த்தினால் வலப்பக்கமும் தானாக வந்து உட்காரும். இரண்டும் உட்கார்ந்தனவா என்று குனிந்து கண்ணால் பாருங்கள். பார்த்த பிறகே ஸ்டாண்டின் பிடியை உடல் எடையால் நேர் கீழாக, ஒரே சீராக அழுத்த வேண்டும். வெடுக்கென்று மிதிக்கக் கூடாது.

கேள்வி: ஏற்றிவிடுகிறேன். இறக்கும்போதுதான் கை நடுங்குகிறது.

பதில்: நடுங்குவது நியாயம்தான். வேலை முடிந்த அலுப்பில் சைடு ஸ்டாண்டு மடங்கியிருப்பதைக் கவனிக்காமல் இறக்குவார்கள். அதை முதலில் பாருங்கள். பிரேக்கில் கட்டிய பட்டையையும் அவிழ்க்காதீர்கள். ஸ்டாண்டின் பிடி பாதி உயரம் வந்ததும் வண்டியின் எடை அதைத் தூக்கி வீசப் பார்க்கும். முகத்தையும் தாடையையும் அதற்கு நேர் மேலே வைக்காமல், கையை விடாமல் மெதுவாக மேலே விடுங்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் இடக்கையால் வண்டியை உங்கள் பக்கம் இழுத்துச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிடுங்கள். கொக்கியைக் கழற்றுவது அதற்குப் பிறகு.

கேள்வி: ஸ்பூல் மாட்டுவது நல்லதா, ரப்பர் பேடு வைத்த ஸ்டாண்டு போதுமா?

பதில்: தனி ஆளுக்கு ஸ்பூல்தான். ரப்பர் பேடு ஸ்விங் ஆர்முக்கு அடியில் சும்மா முட்டுக் கொடுக்கிறது. ஒரு பக்கம் நழுவினாலும் உங்களுக்குத் தெரியாது. ஸ்பூலின் மரை 6, 8, 10 மி.மீ. என்று மூன்று அளவுகளில் வரும். ஆர்15-க்கு 6, கேடிஎம் டியூக் 390-க்கு 10. ஸ்விங் ஆர்மில் மரைத்துளையே இல்லாத வண்டிக்கு ரப்பர் பேடைத் தவிர வழியில்லை. துளை போட்டு ஸ்பூல் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் வண்டி நிறுத்துமிடம் முழுக்க பேவர் பிளாக். பரவாயில்லையா?

பதில்: அப்படியே போட்டால் சிக்கல். முன் பிரேக் கட்டியிருப்பதால், அழுத்தும்போது பேடாக் ஸ்டாண்டின் சிறு சக்கரங்கள்தான் கொஞ்சம் முன்னே உருள வேண்டும். கற்களின் இடுக்கில் அவை சிக்கினால் வண்டி குலுங்கும். கனமான பிளைவுட் பலகையை விரித்து அதன் மேல் போடுங்கள். தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகவும் அமைத்திருப்பார்கள். வண்டியின் முகம் மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, என்னுடையது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. சென்டர் ஸ்டாண்டு இருக்கிறது. ஆனால் வண்டி 195 கிலோ, நான் 50 கிலோ. ஒரு பெண்ணால் தனியாகப் போட முடியுமா?

பதில்: தாராளமாக முடியும் அம்மா. இது கைபலத்து வேலை இல்லை. இடக்கை ஹேண்டில் பாரில், வலக்கை பின்புறக் கைப்பிடியில். வலது காலால் ஸ்டாண்டை மிதித்து, அதன் இரண்டு பாதங்களும் தரையைத் தொடும்வரை வண்டியை நிமிர்த்துங்கள். இரண்டும் தொட்டுவிட்டால் வண்டி பக்கவாட்டில் சாயாது. காலில் ஒரு மெல்லிய தட்டல் தெரியும். அதன் பிறகு அந்தக் காலின் மேல் ஏறி நிற்பதுபோல முழு எடையையும் கொடுங்கள். ஏற்றம் இறைக்கிறவர் துலாவின் மேல் எடையை மாற்றுவது போலத்தான் இதுவும். வண்டி மேலும் பின்னுமாகத் தானே ஏறும், கை வழி மட்டும் காட்டும். கையால் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும், வண்டியும் ஏறாது. பின் சக்கரத்தை ஒரு மெல்லிய பலகை மேல் ஏற்றிவிட்டுச் செய்தால் இன்னும் எளிது.

கேள்வி: முன் சக்கரத்தையும் தூக்க வேண்டுமென்றால்?

பதில்: பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு. இறக்கும்போது முன்பக்கம் முதலில். இந்த வரிசை மாறக்கூடாது.

கேள்வி: ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு முதல் கியரில் போட்டால் செயின் தானாகச் சுற்றும், துணியைப் பிடித்தாலே சுத்தமாகிவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

பதில்: விரலும் போய்விடும். துணியைச் செயின் இழுத்து ஸ்பிராக்கெட் என்ற பல்சக்கரத்துக்குள் கொண்டுபோகும் வேகத்தில் கையை எடுக்க யாருக்கும் நேரம் கிடைக்காது. என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். துணியைச் செயினின் கீழ்ப்புறத்தில், பல்சக்கரங்களிலிருந்து தள்ளி, நடுப்பகுதியில் பிடியுங்கள்.

கேள்வி: பின் சக்கரத்தைக் கழற்ற ஆக்சில் நட்டு நகரவே மாட்டேன் என்கிறது. நீளமான குழாய் மாட்டி ஏறி மிதிக்கலாமா?

பதில்: ஸ்டாண்டில் இருக்கும்போது கூடாது. மிகப் பலமாக இறுக்கிய நட்டு அது. வண்டி தரையில் இருக்கும்போதே முதல் இளக்கலைக் கொடுத்துவிட்டு, பிறகு ஏற்றுங்கள். கடைசி இறுக்கலும் தரையில்தான்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தும் வண்டி சாய்ந்துவிட்டால்?

பதில்: விட்டுவிட்டு விலகுங்கள். காலைக் கொடுத்துத் தாங்காதீர்கள். லீவரும் கண்ணாடியும் கடையில் கிடைக்கும். விழுந்ததும் சாவியை அணைத்து, பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன் சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் இடப்பக்கம் விழும். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில் பாரிலும் ஒரு கை பின்சட்டத்திலுமாகப் பிடித்து, கால்களால் உந்திப் பின்னோக்கிச் சிறு அடிகளாக நடந்தால் வண்டி எழும்.

கேள்வி: ஸ்டாண்டு வாங்கப் பணமில்லை அண்ணா. சைடு ஸ்டாண்டில் சாய்த்து, மறுபக்கம் செங்கல் அண்டக் கொடுத்துப் பின் சக்கரத்தைத் தூக்கலாமா?

பதில்: வேண்டாம். செங்கல் சொல்லிக்கொள்ளாமல் உடையும். பஜாஜ் பல்சர் என்எஸ்200 போல சைலென்சர் அடிவயிற்றில் இருக்கும் வண்டி என்றால் முட்டு நேராக அதன் மேல்தான் விழும். செயினுக்கு எண்ணெய் போட மட்டும் என்றால் சக்கரத்தைத் தூக்கவே தேவையில்லை. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, எட்டும் நீளத்துக்குத் துடைத்து எண்ணெய் போடுங்கள். வண்டியை இரண்டடி தள்ளி மறுபடி நிறுத்துங்கள். செயினில் தொடங்கிய இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து வைத்துக்கொண்டால் எது பாக்கி என்று தெரியும்.