டொனால்டு ஏன் ஹீல் பண்ண மாட்டேங்குறான்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கிங்டம் ஹார்ட்ஸ் பத்தி போற போக்குல நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்து குவிஞ்ச கேள்விங்களப் பாத்தா இந்தத் தடவை பக்கம் முழுக்க அதுக்கே போயிடும் போல. விளையாடாதவங்களுக்காக ஒரே வரியில: டிஸ்னி கார்ட்டூன் ஆளுங்களும் ஃபைனல் ஃபேண்டஸி கேம் ஆளுங்களும் ஒரே கதைக்குள்ள வந்து போற ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி, அதாவது நாமளே ஒரு ஆளா மாறி சண்டை போட்டு லெவல் ஏத்திக் கதைய ஓட்டுற வீடியோ கேம். ஹீரோ சோரான்னு ஒரு பையன், கையில ஆளுயர சாவி மாதிரி ஒரு ஆயுதம், அதுக்குப் பேரு கீபிளேடு, கூடவே டொனால்டும் கூஃபியும். போதும், உள்ள போவோம்.

கேள்வி: அண்ணே, மிக்கியையும் டொனால்டையும் வச்சு இருட்டு, இதயம், துரோகம்னு சீரியஸா ஒரு கதை சொல்லலாம்னு யாருக்குத் தோணுச்சு?

இதுக்கு ஒரு லிஃப்ட் கதை இருக்கு தம்பி. ஜப்பான்ல இந்த கேம பண்ணின ஸ்கொயர் கம்பெனியும் டிஸ்னி ஆபீஸும் ஒரே பில்டிங்ல இருந்த சமயம், ஸ்கொயர்ல இருந்த ஷின்ஜி ஹஷிமோட்டோவும் ஒரு டிஸ்னி அதிகாரியும் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு, அதாவது சந்திச்சுக்கிட்டு, பேச்சு அங்கதான் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்னாடியே ஹஷிமோட்டோவும் ஃபைனல் ஃபேண்டஸியை உருவாக்கின சகாகுச்சியும், 1996ல வந்த சூப்பர் மேரியோ 64 மாதிரி ஒண்ணு நாமளும் பண்ணணும், ஆனா மேரியோவோட மோதணும்னா டிஸ்னி அளவுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச முகம் வேணுமேன்னு புலம்பிட்டு இருந்திருக்காங்க, அத காதுல வாங்கின டெட்சுயா நொமுரா 'நான் பண்றேன்'னு கையத் தூக்கிட்டாரு. அவரு அதுவரைக்கும் ஃபைனல் ஃபேண்டஸி 7க்கு கேரக்டர் வரைஞ்சு கொடுத்த ஆளு, டைரக்டரா இதுதான் முதல் படம், சாரி, முதல் கேம். 2002 மார்ச் 28ல ஜப்பான்ல பிளேஸ்டேஷன் 2க்கு வந்துச்சு.

முதல்ல வரைஞ்ச சோரா சிங்கம் மாதிரி வாலோட இருந்தான், கையில செயின்சா மாதிரி ஒரு ஆயுதம் வேற. நல்லவேளை அது மாறி சாவி ஆச்சு. முதல் பார்ட்ல வந்த சோராவ ஒரு தடவை நிறுத்திப் பாருங்க: வெள்ளை கையுறை, சிவப்பு டவுசர், காலுக்கு சம்பந்தமே இல்லாத சைஸ்ல மஞ்சள் ஷூ. தலைமுடிய மறைச்சுட்டுப் பாத்தா மிக்கிதான் நிக்கிறான்.

கேள்வி: ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மூணே பார்ட் ஆடினா போதுமா? நடுவுல ஏதேதோ பேருல நிறைய இருக்கே, தலை சுத்துது.

போதாது. இந்தத் தப்ப நானே பண்ணேன், அதனால அனுபவஸ்தன் சொல்றேன் கேளுங்க. முதல் பார்ட்ட முடிச்ச கையோட ரெண்டாவதப் போட்டேன், ஸ்டார்ட் பட்டன அமுக்கினா சோராவே இல்ல, யாரோ ராக்சஸ்னு ஒரு பையன் ஊர்ல ஸ்கேட்போர்டு ஓட்டிட்டு, போஸ்டர் ஒட்டி காசு சம்பாதிச்சுட்டு, கடிகார கோபுரத்து மேல உக்காந்து ஐஸ் தின்னுட்டு இருக்கான், ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஹீரோவக் காணோம், எனக்கு டிஸ்க் மாத்திக் கொடுத்துட்டாங்களோன்னு கவர எடுத்துப் பாத்தேன். விஷயம் என்னன்னா ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல 2004ல கேம்பாய் அட்வான்ஸ்ல 'செயின் ஆஃப் மெமரீஸ்'னு ஒண்ணு வந்துச்சு, சோரா ஏன் ஒரு வருஷம் தூங்கினான், கருப்பு கோட்டு போட்ட அந்தக் கும்பல் யாருங்குறது எல்லாம் அதுலதான் இருக்கு. சின்ன மெஷின்ல வந்ததுன்னு சின்ன கதைன்னு நினைச்சது நம்ம தப்பு.

நம்பர் இல்லாத கேம்லதான் முக்கியமான முடிச்செல்லாம் விழும், இந்த சீரிஸோட குணமே அது. ஒண்ணு கேம்பாய்ல, ஒண்ணு டி.எஸ்ல, ஒண்ணு பி.எஸ்.பில, ஒண்ணு 3டி.எஸ்லன்னு செதறிக் கிடந்ததால அந்தக் காலத்து ரசிகனுக்கு கதை புரியணும்னா கடையே வாங்கணும். இப்ப அந்தத் தொல்லை இல்ல. 1.5ன்னும் 2.5ன்னும் இருந்த ரெண்டு தொகுப்பையும் ஒண்ணா சேத்துட்டாங்க, அதுக்கப்புறம் 2.8 ஒண்ணு, அப்புறம் 2019ல வந்த மூணாவது பார்ட், அவ்வளவுதான். 2024 ஜூன்ல இருந்து ஸ்டீம்லயும் கிடைக்குது.

வரிசை கேட்டா நான் ரிலீஸ் ஆன வரிசையிலதான் ஆடச் சொல்வேன். 'பர்த் பை ஸ்லீப்' கதைப்படி பத்து வருஷம் முன்னாடி நடக்குது, அதனால அதுலேருந்து ஆரம்பிங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அதுல வர்ற ஒவ்வொரு அதிர்ச்சியும் நீங்க முதல் ரெண்டையும் பாத்திருப்பீங்கன்னு நம்பித்தான் வச்சிருக்காங்க. '358/2 டேஸ்' தொகுப்புல விளையாட்டா இல்ல, கிட்டத்தட்ட மூணு மணி நேர சினிமாவா இருக்கு. கண்டிப்பா பாருங்க, ராக்சஸோட அந்த ஐஸ் ஏன் அவ்ளோ வலிக்குதுன்னு அப்பத்தான் புரியும். 'ரீகோடட்' நேரமிருந்தா பாருங்க.

ஒரு சின்ன க்ளூ. சோராங்குற பேர இங்கிலீஷ்ல எழுதி எழுத்தக் கலைச்சுப் போட்டு ஒரு எக்ஸ் சொருகினா ராக்சஸ். முதல் பார்ட் வில்லன் ஆன்செம்முக்கு அதே மாதிரி பண்ணா ஸெம்னாஸ். ஆர்கனைசேஷன் 13, அதான் அந்தக் கருப்பு கோட்டுக் கும்பல், அதுல இருக்குற ஆளுங்க எல்லாருக்கும் இதே வேலைதான், பேப்பர் பேனாவோட உக்காந்தா ஒரு சாயங்காலம் ஓடிடும்.

கேள்வி: சார், டொனால்டு எப்பவுமே நான் சாகுற வரைக்கும் வேடிக்கை பாத்துட்டு செத்தப்புறம் உயிரேத்துற ஹீல் மந்திரம் போடுறான். எனக்கு மட்டும்தான் இப்படியா?

உலகம் பூரா இதே புகார்தான் சார், டொனால்டு ஹீல் பண்ண மாட்டான்னு கிண்டல் படம் போட்டே ஒரு தலைமுறை வளந்திருக்கு. ஆனா அவனையும் கொஞ்சம் பாருங்க. எதிரியப் பாத்ததும் ஃபயர், பிளிஸர்ட், தண்டர்னு மேஜிக்குக்கு இருக்குற எம்.பி சக்தி எல்லாத்தையும் வாரி விட்டுட்டு, உங்களுக்கு உயிர் போற நேரத்துல கைய விரிச்சுட்டு நிப்பான். மெனுவுக்குள்ள போனா அவன் எத எவ்வளவு தடவை பண்ணணும்னு மாத்துற இடம் இருக்கு, தாக்குற மேஜிக்கக் குறைச்சு காப்பாத்துற மேஜிக்கக் கூட்டி விடுங்க. அவனோட ஐட்டம் இடத்துல எம்.பி ஏத்துற ஈத்தர் வச்சு விடுங்க, கூஃபிகிட்ட உயிரேத்துற போஷன் குடுங்க. நம்ம பையில இருக்குறத அவங்க எடுக்க மாட்டாங்க, அவங்கவங்க கையில குடுத்தாத்தான் உண்டு, நிறைய பேரு இதத் தெரியாமத்தான் டொனால்டத் திட்டுறாங்க.

இன்னொண்ணு, புதுசா கத்துக்கிட்ட எபிலிட்டி தானா வேலை செய்யாது, மெனுவுல போய் ஏ.பிங்குற எபிலிட்டி புள்ளி செலவு பண்ணி ஆன் பண்ணணும். முதல் பார்ட்ல அந்தப் பெரிய கவசப் பூதத்த அடிச்சதும் உருண்டு தப்பிக்கிற டாட்ஜ் ரோல் கிடைக்கும், நான் அத ஆன் பண்ணாமலே டார்ஜான் காடு வரைக்கும் நடந்தே போய் நடந்தே அடி வாங்கினேன். பிறகு டொனால்டக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

அப்புறம் மூணாவது பார்ட் கடைசிப் பக்கம் வரைக்கும் பொறுமையா போங்க. அதுல ஒரு இடத்துல டொனால்டு ஒரு மந்திரம் போடுவான். அதுக்கப்புறம் அவன ஏதும் சொல்ல மாட்டீங்க.

கேள்வி: தம்பி, என் பையனுக்கு ஒம்போது வயசு. கார்ட்டூன் கேம்தானே, தைரியமா குடுக்கலாமா?

குடுக்கலாம்மா, ஆனா பக்கத்துல உக்காருங்க. அமெரிக்க ரேட்டிங்ல முதல் பார்ட் எல்லா வயசுக்கும், ரெண்டாவதும் மூணாவதும் பத்து வயசுக்கு மேல. ரத்தம் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, ஆனா ஆரம்பத்துலயே ஒரு தீவு மொத்தமா இருட்டுக்குள்ள போகும், சோராவோட ஃப்ரெண்டு ரிக்கு அந்த இருட்டுக்குள்ள விருப்பப்பட்டே போவான், சில பிள்ளைங்க அன்னிக்கு ராத்திரி கேள்வி கேட்டே தூங்க விடாது.

எனக்கு பயத்த விட கஷ்டமாத் தெரியுறது வேற. முதல் பார்ட் 2002ல வந்தது, அடுத்து எங்க போகணும்னு அம்புக்குறி போட்டுக் காட்டாது. டார்ஜான் காட்டுல கூடாரத்துக்கும் மர வீட்டுக்கும் எத்தனை தடவை நடந்தோம்னு எண்ணினா அழுகையே வந்துடும், அப்புறம் அந்த கிளேட்டன் துப்பாக்கியத் தூக்கிட்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு பச்சோந்தி மேல ஏறி வருவான் பாருங்க, வளந்தவங்களே கண்ட்ரோலர கட்டில்ல எறியுற இடம் அது. பிகினர் மோட்ல வச்சுக் குடுங்க, கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. நடுவுல நூறு ஏக்கர் காட்டுல வின்னி த பூவ பாக்கப் போவாங்க, அங்க சண்டையே கிடையாது, பையன் கோவமா இருக்குறப்ப அங்க கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: ஒரு உலகத்துலேருந்து இன்னொண்ணுக்குப் போக கம்மி ஷிப் பறக்குற பகுதி போர் அடிக்குதே?

முதல் பார்ட்ல அடிக்கும். ரெண்டாவதுல அடிக்காது. தொடர்ந்து போங்க.

கேள்வி: ஆரம்பத்துல கனவுல வாளா, கேடயமா, கோலா எதை எடுக்குறதுன்னு கேக்குறாங்க. எதை எடுக்கணும்?

வாள் எடுத்தா அடி பலமா இருக்கும், கோல் எடுத்தா மேஜிக், கேடயம் எடுத்தா தாங்குற சக்தி. ஒண்ண எடுத்து ஒண்ண விடணும், எந்த எபிலிட்டி எந்த லெவல்ல வரும்ங்குறது இத வச்சுத்தான். நான் கேடயத்த எடுத்து கோல விட்டேன், முதல் தடவை ஆடுறவங்களுக்கு அதுதான் ஒத்து வரும்னு நினைக்கிறேன்.

ஆனா யாரும் கவனிக்காதது அதுக்கப்புறம் வர்ற மூணு கேள்வி. டீடஸ், செல்ஃபி, வாக்கான்னு மூணு பேரு நின்னு, உனக்கு எது முக்கியம், வாழ்க்கையில என்ன வேணும், எதுக்கு பயப்படுறன்னு கேப்பாங்க. மூணு பேருமே ஃபைனல் ஃபேண்டஸிலேருந்து சின்னப் பசங்களா மாறி வந்தவங்க. நாமளும் ஏதோ மனசத் தொடுற பேச்சுன்னு உண்மையா யோசிச்சு பதில் சொல்லுவோம், அந்தப் பதில வச்சு உங்க பயணம் விடியல்ல ஆரம்பிக்குது, நடுப்பகல்ல ஆரம்பிக்குது, நள்ளிரவுல ஆரம்பிக்குதுன்னு ஒரு வரி வரும். விடியல்னா முதல்ல மளமளன்னு லெவல் ஏறி பின்னாடி மெதுவாகும், நள்ளிரவுன்னா முதல்ல நத்தை, பின்னாடி குதிரை, பகல்னா சீரா போகும். அந்த வரிக்கு இதுதான் அர்த்தம்னு எனக்கு ரெண்டாவது தடவை ஆடுறப்பத்தான் தெரிஞ்சுது.

கேள்வி: மிக்கி முகத்த வச்சு வித்துட்டு முதல் பார்ட்ல மிக்கியவே காட்டலியே, ஏமாத்து இல்லியா?

அப்ப மிக்கிய எவ்வளவு காட்டலாம்ங்குறதுக்கு ரொம்பக் கட்டுப்பாடு. அதனால ராஜாவான மிக்கி ஊர விட்டுக் கிளம்பிட்டாரு, ஒரு லெட்டர் மட்டும் வச்சிருக்காருன்னு கதையையே அப்படி வளைச்சு, கடைசியில அந்தப் பெரிய கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டுல லேசா காட்டி நிறுத்திட்டாங்க. எனக்கு அது ஏமாத்தா தெரியல. கேம் முழுக்கத் தேடின ஆளோட அந்த ரெண்டு காது நிழல் தெரியுறப்ப உடம்பு சிலிர்த்துச்சு, முன்னாடியே பத்து சீன்ல வந்திருந்தா அது நடந்திருக்காது. ரெண்டாவது பார்ட்ல அதுக்கும் சேத்து, சில பாஸ் ஃபைட்ல நீங்க செத்து விழுந்தா கருப்பு கோட்டோட மிக்கி குதிச்சு வந்து உங்களுக்குப் பதிலா அடிப்பாரு.

கேள்வி: நாலாவது பார்ட் என்னாச்சு?

2022 ஏப்ரல்ல, இருபதாவது வருஷ விழாவுல அறிவிச்சாங்க. குவாட்ராட்டம்னு நிஜ ஊர் மாதிரியே ஒரு நகரத்துல சோரா முழிக்கிறான், அவன் ஷூ கூட சாதாரண சைஸுக்கு வந்துடுச்சு. 2025 மே மாசம் 'மிஸ்ஸிங் லிங்க்'ங்குற மொபைல் கேம ரத்து பண்ணப்ப, நாலாவது வேலை நடந்துட்டுத்தான் இருக்குன்னும் சொல்லிட்டாங்க.

கேள்வி: அண்ணா, எல்லாரும் சோரா ரிக்குன்னு சண்டை போடுறாங்க. உங்களுக்கு யாரப் புடிக்கும்?

கூஃபி. சிரிக்காதீங்க. முதல் பார்ட்ல ஹாலோ பாஸ்டியன் கோட்டை வாசல்ல, கீபிளேடு நிஜமா என்னோடதுன்னு ரிக்கு கைய நீட்டுறான், அது சோரா கையிலேருந்து மறைஞ்சு அவன்கிட்ட போயிடுது, பதிலுக்கு ஒரு மரக்கத்திய தூக்கிப் போட்டுட்டுப் போறான். டொனால்டுக்கும் கூஃபிக்கும் ராஜா போட்ட உத்தரவு 'சாவி எவன்கிட்ட இருக்கோ அவன் பின்னாடி போ'ங்குறது. ரெண்டு பேரும் தலையத் தொங்கப் போட்டுட்டு ரிக்கு பின்னாடி போயிடுறாங்க. அத்தனை உலகம் கூட வந்தவங்க. அதுக்கப்புறம் நாமளே அந்த மரக்கத்திய வச்சுட்டு எதிரிய அடிக்கணும், அடிச்சா ஒண்ணும் ஆகாது, கூட 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்து பீஸ்ட் மட்டும்தான் இருப்பாரு, அந்தக் கொஞ்ச நேரம் பட்டன அமுக்குறதே அவமானமா இருக்கும்.

கோட்டைக்குள்ள போய் திரும்ப ரிக்கு எதிர்ல நிக்கிறப்ப அவன் கருப்பு மந்திரத்த சோரா மேல விடுறான், பட்டுச்சுன்னா முடிஞ்சுது. நடுவுல ஒரு கேடயம் வந்து விழுது. கூஃபி. ராஜா உத்தரவு தெரியும், ஆனா சோராவ விட்டுட்டு நான் எங்கயும் போறதா இல்லைங்குறான், அதே அசட்டுக் குரல்ல. அதப் பாத்துட்டு டொனால்டும் முனகிக்கிட்டே இந்தப் பக்கம் வர்றான்.

2002ல வந்த அந்த ஒரிஜினல்ல கட்-சீன ஸ்கிப் பண்ண முடியாது. கொஞ்ச நேரம் கழிச்சு அதே கோட்டையில ரிக்குகிட்ட ஒரு பெரிய ஃபைட் வரும், அதுல தோத்துத் தோத்து முன்னாடி வர்ற பேச்சு முழுசும் எனக்கு மனப்பாடம். கூஃபி சீன் மட்டும் அந்த வரிசையில இல்ல. அதுக்குன்னே பழைய சேவ் ஃபைல் ஒண்ணு தனியா வச்சிருக்கேன்.