பாரம் இழுக்க எந்த லாரி? வாசகர் கேள்வி – பதில்

கயத்தாறு வாசகர்: அண்ணாச்சி, யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 லாரி விளையாட்டுல ரயில் இன்ஜினை ஏத்திக்கிட்டுப் போற லோடு எடுத்தேன். 750 ஹெச்பி வண்டிதான். மழைக்குள்ள ஒரு ஏத்தத்துல நின்னுட்டு. ஆக்சிலேட்டரை மிதிச்சா டயர் மட்டும் சுத்துது. இதுக்கு மேல பவரான வண்டி எது?

வேறு வண்டி வாங்க வேண்டாம். சேஸியை, அதாவது ஆக்சில்களைத் தாங்கும் அடிச்சட்டத்தை, மாற்றினால் போதும். டயர் சுற்றுகிறது என்றால் இன்ஜினில் பலம் மிச்சம் இருக்கிறது, அதைத் தரையில் இறக்க வழியில்லை என்று பொருள். நீங்கள் ஓட்டியது 4×2 ஆக இருக்கும்; முதல் எண் மொத்தச் சக்கர இடம், இரண்டாவது இன்ஜின் சுற்றுகிற சக்கர இடம். இழுக்கிற ஆக்சில் (இருபக்கச் சக்கரங்களை இணைக்கும் தண்டு) ஒன்றே ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி, டிரெய்லர், சுமை சேர்த்து 80 டன் என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் ஏறுகிற சாலையில் அதை நகர்த்த, உருளும் தடையையும் சேர்த்தால், சுமார் 5.4 டன் இழுவிசை வேண்டும். இழுக்கும் ஆக்சில் மேல் 11.5 டன் அமர்ந்திருந்தால், காய்ந்த ரோட்டில் டயரின் பிடி அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. 8 டன் கிடைக்கும், ஏறிவிடலாம். நனைந்த ரோட்டில் பிடி நாற்பது சதவீதத்துக்கு இறங்கினால் 4.6 டன்தான் மிஞ்சும். அங்கேதான் உங்கள் வண்டி நின்றது. 6×4 சேஸியில் பின்னால் உள்ள இரண்டு ஆக்சிலும் இழுக்கும். அவற்றின் மேல் 21 டன் இருந்தால் அதே மழையிலும் 8.4 டன் பிடி உண்டு. நம் நாட்டில் 2018-ல் திருத்திய ஆக்சில் வரம்பும் இதே 11.5, 21 டன்தான். நாலுவழிச் சாலையில் ஓடும் லாரிகளை மனதில் வைத்தே இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

6×2 வாங்கி ஏமாறாதீர்கள். மூன்று ஆக்சில் இருப்பதால் பார்வைக்குப் பலமாகத் தெரியும். ஆனால் இழுப்பது ஒன்றுதான், கூட இருக்கும் ஆக்சில் எடையைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், ஏற்றத்தில் லிஃப்ட் ஆக்சிலை (தரையிலிருந்து தூக்கி வைக்கக்கூடிய அந்தக் கூடுதல் ஆக்சிலை) தூக்கிவிடுங்கள். எடை இழுக்கும் ஆக்சிலுக்குத் திரும்பும். டயர் சுற்றத் தொடங்கினால் டிஃப் லாக் (இருபக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) போட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஆக்சிலேட்டரைப் பாதிக்கு விட்டு நகருங்கள். பிடி கிடைத்ததும் டிஃப் லாக்கை எடுத்துவிடுங்கள். அதோடு திரும்பினால் மூக்கு நேராகவே போகப் பார்க்கும்.

வள்ளியூர் வாசகர்: வோல்வோவா, ஸ்கேனியாவா? ஒன்றைச் சொல்லுங்கள்.

வோல்வோ எஃப்ஹெச்16-ல் 750 ஹெச்பி, 3550 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). ஸ்கேனியாவின் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினில் 730 ஹெச்பி, 3500. இந்த வித்தியாசம் ஓட்டும்போது தெரியவே தெரியாது. கேபினிலிருந்து சாலை எது நன்றாகத் தெரிகிறதோ அதை எடுங்கள். அகலமான சுமைக்குக் கண்ணாடி முக்கியம். மேன் (MAN) லாரியில் 640, மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸில் 625 உண்டு, அவையும் போதும். ஹெச்பி ஏற்றத்தில் வேகத்தைத்தான் கொடுக்கும். முன்சொன்ன 80 டன் ஏற்றத்தில் 750 ஹெச்பி மணிக்கு 34 கிலோமீட்டர் வாக்கில் ஏறும். 500 ஹெச்பியும் ஏறும், 23-ல்.

பெயரைவிட கியர்பாக்ஸைப் பாருங்கள். கடையில் கியர்பாக்ஸ் பெயரோடு ஒரு எண் வரும், அது பின் ஆக்சில் விகிதம்; சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. பாரத்துக்கு 3.4-ஐ ஒட்டியது நல்லது. 2.6 நெடுஞ்சாலையில் டீசல் மிச்சம் பிடிக்க. டாப் கியர் நேரடி விகிதமாக (இன்ஜின் சுற்றைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே கடத்துவதாக) இருந்தால், 90 கிலோமீட்டர் வேகத்தில் 2.64-க்கு இன்ஜின் நிமிடத்துக்கு 1,240 சுற்று வாக்கில் ஓடும், 3.4-க்கு 1,600-ஐத் தொடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். அதனால் எப்போதாவது ஒரு பாரம் எடுப்பவர் நடுவில் நிற்கும் 3.1-ஐ எடுக்கலாம். 12+2 கியர் கிடைத்தால் விடாதீர்கள். அந்த இரண்டு ஊர்ந்து போகும் கியர்கள் ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்ப உதவும். ரிடார்டர் (சக்கர பிரேக்கைத் தேய்க்காமல் வேகத்தைக் குறைக்கும் கருவி) உள்ள கியர்பாக்ஸாகவும் பாருங்கள், காரணம் அடுத்த பதிலில்.

செங்கோட்டை வாசகர்: புளியரை எஸ் வளைவில் லோடு லாரிகள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டில் ஆல்ப்ஸ் மலையில் அப்படி இறங்கினால் டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளிக் கவிழ்கிறது. என்ன தப்பு?

வளைவுக்குள் பிரேக் பிடிப்பதுதான் தப்பு. இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜின் பிரேக்கும் ரிடார்டரும் வேகத்தைப் பிடித்திருக்கட்டும், காலால் மிதிக்கும் பிரேக் கையிருப்பாக இருக்கட்டும். விளையாட்டின் அமைப்புகளில் ஏர் பிரேக்கை உண்மையானது போல வைத்திருந்தால், திரும்பத் திரும்ப மிதிக்கையில் காற்று தீர்ந்து பிரேக்கே இறுகி நின்றுவிடும்.

ரிடார்டரில் ஒரு எச்சரிக்கை உண்டு. அது இழுக்கும் ஆக்சிலை மட்டுமே பிடிக்கும். மழையில் மூன்றாம் நான்காம் நிலைக்குத் திடீரென்று தள்ளினால் பின்சக்கரம் வழுக்கி, பின்னால் வரும் டிரெய்லர் வண்டியை மடக்கிவிடும். ஒவ்வொரு நிலையாகக் கூட்டுங்கள். நனைந்த ரோட்டில் ஒரு நிலை குறைவாகவே வைத்து, மீதியை வேகம் குறைத்துச் சமாளியுங்கள்.

திசையன்விளை வாசகர்: என் ஆட்டத்தில் பெரிய பாரமே வருவதில்லையே?

ஹெவி கார்கோ பேக் 2017-ல் வந்த தனிச் சேர்க்கை. அதை வாங்கினால்தான் ரயில் இன்ஜின் போன்றவை தென்படும். அகலமும் நீளமும் மிஞ்சி, முன்னும் பின்னும் காவல் வண்டி வருகிற சுமைகள் ஸ்பெஷல் டிரான்ஸ்போர்ட் என்ற வேறொரு சேர்க்கையில். வாங்கியபின் முதல் சில சுமைகளை ‘குவிக் ஜாப்’ முறையில் எடுங்கள். வண்டியும் டீசலும் கம்பெனியுடையது, நம் கையிருப்புக்குச் சேதமில்லை. எந்த சேஸி எப்படித் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுச் சொந்த வண்டி வாங்கலாம். பெரிய இன்ஜின்கள் விளையாட்டில் உங்கள் நிலை (லெவல்) உயர்ந்த பிறகே திறக்கும், அதுவரை கடன் வாங்கி அவசரப்பட வேண்டாம்.

பணகுடி வாசகர்: எங்கள் பக்கம் காற்றாலை இறக்கை போகும்போது சந்திப்பில் ஒரு மணி நேரம் திருப்புவார்கள். அப்படிச் சுமைக்கும் 8×4 தானே வேண்டும்?

இறக்கை நீளம்தான், அத்தனை பாரமில்லை. காற்றாலையில் பாரம் என்றால் ஜெனரேட்டர் இருக்கும் மேல்கூடு, கோபுரத் துண்டு போன்றவைதான். நீளத்தையும் பாரத்தையும் பிரித்துப் பார்த்தாலே வண்டித் தேர்வு பாதி முடிந்தது. நீளச் சுமைக்கு 6×4 தாராளம். 8×4-க்குச் சேஸி நீளம் கூடும், திரும்ப இடம் அதிகம் கேட்கும், ஐரோப்பிய ஊர்களின் ரவுண்டானாக்களில் அதுவே வினையாகும். பின் ஆக்சில் தானாகத் திரும்பும் டிரெய்லரில் உள்பக்கம் வெட்டுவது குறையும். ஆனால் வால் வெளிப்பக்கம் வீசும். ஆகவே திருப்பத்துக்கு வெளியே உள்ள கண்ணாடியையும் பாருங்கள். பெரும்பாலும் கம்பமோ நிற்கிற காரோ அந்தப் பக்கம்தான் அடிபடுகிறது.

தாழையூத்து வாசகர்: 3,000 ஹெச்பி மோட் (ரசிகர்கள் செய்து விளையாட்டில் சேர்க்கும் மாற்றம்) போட்டால் எல்லாம் சரியாகுமா? கீபோர்டில்தான் ஓட்டுகிறேன்.

ஆகாது. முதல் பதிலில் சொன்ன பிடி அப்படியே இருக்கும், டயர் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான். கீபோர்டில் ஓட்டலாம். ஸ்டியரிங் உணர்திறனைக் குறைத்து, டிரெய்லர் நிலைத்தன்மையைச் சற்றே கூட்டுங்கள். கீயைப் பிடித்தே இருக்காமல் தட்டித் தட்டித் திருப்பினால் பாரம் ஆடாது.