எட்டு மாட்டில் அவருக்கு 40,000, எனக்கு ஏன் ஒன்றும் நிற்கவில்லை?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கணக்கு அனுப்பியிருக்கிறார். எட்டுக் கலப்பினப் பசுக்களில் ஐந்து கறவையில் இருக்கின்றன, மூன்று வற்றிவிட்டன. அவை போக இன்னும் கன்று போடாத இளம் பசுக்கள், அதாவது கிடேரிகள், இரண்டு. தினம் 48 லிட்டர் பாலைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றுகிறார், சராசரியாக லிட்டருக்கு 36 ரூபாய் விழுகிறது. மாதத் தீவனச் செலவு 34,000, கறவை ஆளுக்கு 8,000, கடன் தவணை 7,500. "வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இதே எட்டு மாட்டில் மாதம் 40,000 லாபம் என்கிறார். 12,000 ரூபாய் கொடுத்தால் மற்ற பண்ணைகளோடு ஒப்பிட்டு பெஞ்ச்மார்க் ரிப்போர்ட் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். கொடுக்கலாமா?" என்பது கேள்வி.

கொடுக்க வேண்டாம். ஒப்பிடுவது அவசியம்தான். அதற்கு வேண்டிய எண்கள் எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

முதலில் அந்த 40,000. அவர் கூட்டலில் தப்பு இருக்காது, கழித்தலைத்தான் விட்டிருப்பார். வீட்டாள் உழைப்புக்குக் கூலி போட்டாரா? கழித்துக்கட்டிய மாட்டை விற்ற பணத்தையும் பால் வருமானத்தில் சேர்த்தாரா? ஐந்து மாடு ஒன்றாகக் கன்று போட்ட மாதத்துக் கணக்கா, வருஷக் கணக்கா? அவர் சொல்வது லிட்டரா, கிலோவா? ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோ எடை. தமிழக அரசு 2023 டிசம்பரில் அறிவித்த லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையை ஒருவர் சேர்த்தும் மற்றவர் சேர்க்காமலும் பேசினால் அதிலேயே தினம் 144 ரூபாய் இடிக்கும். இதையெல்லாம் கேட்காமல் அவரைப் பார்த்து ஏங்குவதில் அர்த்தமில்லை. உங்கள் கணக்கிலும் ஒரு கோளாறு உண்டு. தவணை முழுவதையும் செலவில் எழுதியிருக்கிறீர்கள். அதில் வட்டி மட்டும்தான் செலவு. அசல் என்பது மாட்டின் விலையை நீங்கள் அடைப்பது.

சரி, உங்கள் எண்களுக்கு வருவோம். மாதம் 1,440 லிட்டர், வரவு 51,840. தீவனம் 34,000 என்றால் வரவில் 66 சதவீதம். ஆலோசகர் இதைப் பார்த்ததும் "தீவனம் அதிகம், எங்கள் கலவைக்கு மாறுங்கள்" என்பார். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த 34,000-க்குள் கிடேரிகள் தின்பதும் இருக்கிறது. பலரும் சறுக்குவது இங்கேதான். கிடேரி ஒன்றுக்குத் தினம் 2 கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு கலந்த தீவனம்), கிலோ 30 ரூபாய் என்றால் மாதம் 3,600. தட்டு, தவிடு சேர்த்து 5,000 என்று வையுங்கள். கிடேரி ஒரு சொட்டுப் பால் தராது, அதன் தீனியைப் பால் மேல் ஏற்றினால் கன்று வளர்ப்பவன் எப்போதும் நஷ்டக்காரனாகத்தான் தெரிவான். கிடேரிக் கன்றை விற்றுவிட்டு சந்தையில் மாடு வாங்குகிறவன் கெட்டிக்காரனாகத் தெரிவான். நீங்கள் செலவழிப்பது நாளைய கறவை மாட்டுக்கு. அதைத் தனி நோட்டில் எழுதுங்கள், கன்று போடும் நாளில் அந்த நோட்டின் கூட்டுத்தொகைதான் அந்த மாட்டின் வாங்கிய விலை. சந்தை விலையை விட அது கூடினால் அப்போது யோசிக்கலாம். ஒப்பிடும்போது எதிராளியிடமும் கிடேரி உண்டா என்று கேளுங்கள், இருந்தால் அவர் கணக்கிலும் கழியுங்கள். இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் காகிதமாகக்கூட மதிப்பதில்லை.

கழித்தால் தீவனம் 29,000. லிட்டருக்கு 20 ரூபாய், வரவில் 56 சதவீதம். 60-க்குள் நின்றால் பதற வேண்டியதில்லை. ஆக, ஓட்டை தீவனத்தில் இல்லை.

எட்டில் ஐந்துதான் கறக்கிறது, ஓட்டை அங்கே இருக்கிறது. கறவை மாட்டுக்கு 9.6 லிட்டர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கட்டுத்தரையில் நிற்கும் எட்டுக்கும் வகுத்தால் 6 லிட்டர்தான். எல்லாரும் முதல் எண்ணைத்தான் வெளியே சொல்வார்கள், நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள். 13 மாதத்துக்கொரு கன்று, நடுவில் 60 நாள் வற்று என்று போனால் எட்டில் ஏழு மாடு பாலில் இருக்க வேண்டும். 305 நாள் கறவை என்று வைத்தால் உங்கள் மாடுகள் 16 மாதத்துக்கு ஒருமுறைதான் கன்று போடுகின்றன. கூடுதலாக இரண்டு மாடு 8 லிட்டர் வீதம் கறந்தால் தினம் 576 ரூபாய். இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ அடர்தீவனம் என்று 192 ரூபாயைக் கழித்தாலும் மாதம் 11,500 மிஞ்சும். ஒரே மாத நிலவரத்தை வைத்து முடிவு கட்டாமல், ஒவ்வொரு மாடும் கடைசி இரண்டு முறை கன்று போட்ட தேதியை எழுதிப் பாருங்கள்.

யாரோடு ஒப்பிடுவது? உங்கள் சங்கத்திலேயே, அதே கலப்பினம் வைத்திருக்கும் ஐந்தாறு பேரோடு, ஒரு வருஷக் கணக்கை வைத்து. நியூசிலாந்தில் டெய்ரிபேஸ் என்று ஒரு பொதுத் தரவுத்தளமே இருக்கிறது, பண்ணைக்காரர் தன் எண்ணைப் போட்டு அடுத்தவரோடு பார்த்துக்கொள்ளலாம். இங்கே காலையும் மாலையும் அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்) எல்லாம் பதிவாகிறது. பதிவாகி என்ன? சங்கத்துச் சராசரி இவ்வளவு, நீ இங்கே நிற்கிறாய் என்று உறுப்பினருக்கு ஒரு துண்டுச் சீட்டு தர யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சந்தில்தான் 12,000 ரூபாய் ஆலோசகர்கள் நுழைகிறார்கள்.

அந்த ரிப்போர்ட் எங்கே போய் முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "மற்ற பண்ணையில் மாட்டுக்கு 12 லிட்டர், உங்களுடையதில் 6, மாட்டை மாற்றுங்கள்." அப்புறம் அவரே ஒரு தரகரைக் கூட்டி வருவார். தரகர் காட்டும் மாட்டுக்கு மடி வெடிக்கிற மாதிரி நிற்கும், ஏனென்றால் முந்தின வேளை கறந்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் இளங்கன்று வேறு மாட்டுடையதாக இருக்கும். அடுத்தடுத்து மூன்று வேளை உங்கள் கண்முன் கறந்து அளக்காமல், சினை என்று சொன்னால் மருத்துவரைக் கொண்டு பார்க்காமல், முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். "வண்டி கிளம்பிவிடும், சீக்கிரம் சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால் வண்டி கிளம்பட்டும்.

இந்த வாரமே வற்றிய மூன்றுக்கும் சினைப் பரிசோதனை செய்யுங்கள். சினையாக இருப்பதை விட்டுவிடலாம். சினை இல்லாததற்குத் தாது உப்புக் கலவை கொடுத்து, 21 நாளுக்கு ஒருமுறை வரும் சினைப் பருவத்தைக் காலையும் மாலையும் கவனியுங்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். இனி கன்று போடும் மாடு நான்கு மாதத்துக்குள் சினை பிடித்தாக வேண்டும். கருப்பைக் கோளாறு, இனித் தேறாது என்று மருத்துவர் சொல்லும் மாட்டை விற்றுவிடுங்கள். அந்தப் பணத்தோடு சந்தைக்கு ஓடாதீர்கள், கட்டுத்தரையில் கிடேரிகள் இரண்டு நிற்கின்றன.