பேரனிடம் கொடுத்த போன்

கேள்வி: ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். மருமகன் மெக்சிகோ வம்சாவளி. அவருடைய தம்பி, 20 வயது, லரேடோவிலிருந்து கல்லூரிக்கு வந்து எங்களோடு தங்கியிருக்கிறான். ஓயாமல் வேப் (மின்-சிகரெட்) இழுக்கிறான். விடுவதற்கு உதவும் குறுஞ்செய்திச் சேவை ஸ்பானிஷ் மொழியில் இருப்பதாகத் தெரிந்ததும், பேரன் விளையாட அவன் கொடுத்திருந்த போனிலிருந்து நானே பதிந்துவிட்டேன். நல்ல நாள் பார்த்து, வெள்ளிக்கிழமை விடுவதாகவும் போட்டேன். இரண்டே நாளில் 'ஸ்டாப்' அனுப்பி நிறுத்திவிட்டான். இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வீட்டில் அவன் ஸ்பானிஷ் பேசுவது தன் பாட்டியோடு போனில் மட்டும்தான். இந்தச் செய்திகளால் பயன் உண்டா? சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடவா?
- ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: பேரன் விளையாட அவன் கொடுத்த போன். போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. இருபது வயதுப் பையன் பூட்டைத் திறந்து தன் போனை ஒரு குழந்தை கையில் தருகிறான் என்றால், அந்த வீட்டு மனிதர்களை நம்புகிறான். நீங்கள் அதற்குள் புகுந்து அவன் பெயரில் ஒரு சபதம் எடுத்திருக்கிறீர்கள். அவன் கோபத்துக்கும் நிகோட்டினுக்கும் சம்பந்தமே இல்லை.

செய்திகளால் பயன் உண்டு. ட்ரூத் இனிஷியேட்டிவ் என்ற புகையிலை எதிர்ப்பு அமைப்பின் குறுஞ்செய்திச் சேவையை அமெரிக்காவில் 18 முதல் 24 வயது வரையுள்ள 2,588 பேரிடம் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏழு மாதம் கழித்து, செய்தி பெற்றவர்களில் 24.1 சதவீதம் பேர் வேப்பை விட்டிருந்தார்கள். விட்டாயா என்று மட்டும் விசாரிக்கப்பட்டவர்களில் 18.6 சதவீதம். மாயமந்திரம் இல்லை, ஆனால் இலவசமாகக் கிடைப்பதற்கு நல்ல பலன். ஒன்றைக் கவனியுங்கள்: சேர்ந்த அத்தனை பேரும் 30 நாளுக்குள் விட எண்ணம் உண்டு என்று தாங்களே சொன்னவர்கள். அண்ணியின் அம்மா யாரையும் சேர்த்துவிடவில்லை.

அவனைக் கேட்காததால்தான் மற்ற எல்லாமும் கோணலாகிவிட்டது. பாட்டியிடம் மட்டும் ஸ்பானிஷ் பேசுகிறவனுக்கு, 'லத்தீனோ பையன்தானே' என்று ஸ்பானிஷ் செய்தி. சிகரெட்டுக்கென்று எழுதிய சேவையாக இருந்தால் இன்னும் மோசம். ஆஷ்ட்ரேயைத் தூக்கிப் போடு என்று வந்தால் வேப் இழுப்பவன் சிரிப்பான். நாளோ வெள்ளிக்கிழமை! நிகோட்டின் நின்ற முதல் மூன்று நாள்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். அந்த மூன்று நாளைக் கூட்டாளிகளோடு ஊர் சுற்றும் வார இறுதியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். பஞ்சாங்கத்தில் இதெல்லாம் போட்டிருக்காது.

இன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். "உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். "உன் நல்லதுக்குத்தான்" என்று வால் சேர்க்காதீர்கள். பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்கிற வீடுகளில்தான் பிள்ளைகள் எல்லாவற்றையும் மறைக்கப் பழகுகிறார்கள்.

'ஸ்டாப்' அனுப்பிய எண்ணுக்கு அந்தச் சேவையிலிருந்து இனி எதுவும் வராது. அவனே திரும்பச் சேர வேண்டும். ஒருநாள் அவனாகக் கேட்டால், 88709 என்ற குறுஞ்செய்தி எண்ணில் இயங்கும் ட்ரூத் இனிஷியேட்டிவ் சேவையைச் சொல்லுங்கள். எந்த நாளில் விடுவது என்பதை அவன் தேர்ந்தெடுக்கட்டும். நாள் குறித்தால் ஒரு வாரம் முன்பே செய்தி தொடங்கி, விட்ட பிறகு எட்டு வாரம் வரும். குறிக்காவிட்டாலும் நான்கு வாரம் வரும். ஆசை கிளம்பும்போது 'கோப்' (COPE), தடுக்கி விழுந்தால் 'ஸ்லிப்' (SLIP) என்று அவன் அனுப்பினால் உடனே பதில் வரும். அதைப் பயன்படுத்தாமல், வருகிற செய்தியை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் பாதிப் பலன் வீண்.

செய்தி மட்டும் போதாமலும் போகலாம். சிகரெட்டாவது எரிந்து முடியும். வேப்பை நாள் முழுக்க இழுக்கலாம். வேப் பெட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் சுமார் 50 மில்லிகிராம் நிகோட்டின். கண் விழித்த அரை மணிக்குள் இழுக்கிறான் என்றால், 4 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் சரிவருமா என்று பார்மசிஸ்டிடம் அவனே கேட்கலாம். சாதா சூயிங்கம் போல மெல்லக் கூடாது. சுள்ளென்றதும் கன்னத்தில் ஒதுக்கி, அது அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, கோலா கூடாது. மருந்து வாயில் இறங்காது.

சம்பந்தியம்மாவிடம் நீங்கள் சொல்லக் கூடாது. ஒரு தாய்க்கு இதை மகன் வாயால் கேட்கும் உரிமை உண்டு. லரேடோவில் இருந்துகொண்டு, உங்கள் வாயால் கேட்டு, அவர் என்ன செய்வார், அழுவதைத் தவிர?

அதிகாரமாகச் சொல்ல உங்களுக்கும் ஒன்று இருக்கிறது, அதை ஏனோ நீங்கள் கேட்கவே இல்லை. பேரன் தவழும் வீட்டுக்குள் வேப் கூடாது. அதிலிருக்கும் நிகோட்டின் திரவம் கொஞ்சம் வாயில் போனாலே குழந்தைக்கு விஷம். சாதனமும் காலியான கார்ட்ரிட்ஜும் உயரத்தில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். விஷ முறிவு உதவி எண் 1-800-222-1222 ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். இதை மகளையும் மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனிடம் நேராகச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்ட அன்றே வேண்டாம், மறுநாள்.