புதுச்சேரி வெயிலில் ரைசன் 5 5600 பிராசசரை ஓவர்கிளாக் செய்யலாமா (கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டலாமா), எவ்வளவு வோல்டேஜ் வரை பாதுகாப்பு?

கேள்வி இதுதான்: முத்தியால்பேட்டையில் ஏசி இல்லாத அறை, பாக்ஸோடு வந்த கூலர், கேம் ஆடும்போதே 88 டிகிரி. ஒரு காணொளியில் எல்லாக் கோரையும் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 4.6 கிகாஹெர்ட்ஸில், 1.35 வோல்டில் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

வேண்டாம். நான் இதே பிராசசரை வைத்துக் கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற வழியில், மொட்டை மாடி அறையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். அந்த 1.35-ஐ நானும் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் பத்து நிமிடம் ஓடியது, சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு ஒரு முகூர்த்த வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) முக்கால்வாசி போனபோது மெஷின் அணைந்து தானாகத் திரும்ப ஏறியது. மாலையில் கொடுக்கவேண்டிய வேலை அது.

முதலில் அறை வெப்பத்தைப் பாருங்கள். அந்த மாதிரிக் காணொளிகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. கூலர் செய்வதெல்லாம் சிப்பின் வெப்பத்தை அறைக் காற்றில் கொட்டுவதுதான். காற்று 14 டிகிரி அதிகச் சூடாக இருந்தால் சிப்பும் ஏறக்குறைய அதே 14 டிகிரி மேலே போய் நிற்கும். நான் மேசை மேல் ஒரு சின்ன வெப்பமானி வைத்திருக்கிறேன். மார்கழியில் அது 27 காட்டும், கத்திரி வெயிலில் மதியம் 36. ஒரே ரெண்டர், ஒரே செட்டிங், மார்கழியில் 78 டிகிரி, மே மாதத்தில் 87. இந்தச் சிப்புக்கு ஏஎம்டி சொல்லும் உச்சம் 90. ஆகவே எந்த ஊர்க்காரர் சொன்ன எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அறையில், மே மாத மதியத்தில் நிற்கிற எண்தான் உங்கள் எண்.

அடுத்தது வோல்டேஜ். சிப் இழுக்கும் பவர் வேகத்தோடு நேராக ஏறும், ஆனால் வோல்டேஜோடு அதன் வர்க்கத்தில் ஏறும். 4.2-லிருந்து 4.4-க்குப் போவது வேகத்தில் 5 சதவீதம் கூட இல்லை. அதற்காக வோல்டேஜை 1.2-லிருந்து 1.3-க்கு ஏற்றவேண்டி வந்தால் பவர் 23 சதவீதம் ஏறிவிடும். திருப்பிப் பாருங்கள்: வேகத்தைத் தொடாமல் 1.3-ஐ 1.2 ஆக்கினால் பவர் 15 சதவீதம் குறையும். நம் பக்கத்து வெயிலில் முதலில் செய்யவேண்டியது வோல்டேஜை இறக்குவது. இந்த ரைசன்கள் பவருக்கும் வெப்பத்துக்கும் இடம் இருந்தால் தானே வேகத்தை ஏற்றிக்கொள்கிற, அதாவது பூஸ்ட் ஆகிற வகை. இறக்கினால் கிடைக்கும் இடத்தை அதுவே வேகமாக மாற்றிக்கொள்ளும்.

இங்கே ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். சும்மா இருக்கும்போது 1.4, 1.45 வோல்ட் காட்டுகிறதே என்று பலர் பதறுகிறார்கள். ஒரு கோர் மட்டும் ஒரு நொடி 4.4-க்குத் தாவும்போது அப்படித்தான் காட்டும், அப்போது ஓடும் கரண்ட் மிகக் குறைவு. சிப்பைத் தேய்ப்பது அதிக வோல்டேஜ், அதிக கரண்ட், அதிக வெப்பம் மூன்றும் சேர்ந்து மணிக்கணக்கில் நிற்பது. எல்லாக் கோரையும் 1.35-ல் நிறுத்தி வைத்து ரெண்டர் ஓட்டினால் நடப்பது அதுதான். கையால் நிலையாக வைத்தே ஆகவேண்டும் என்றால், இந்த வெயிலில் நான் 1.25-ஐத் தாண்டமாட்டேன்.

நான் இப்போது வைத்திருப்பது இது. பயாஸில் (மெஷின் ஏறும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை) பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். கோரின் வோல்டேஜை இறக்கும் செட்டிங் அது. எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10 வைத்து ஆரம்பியுங்கள். ஒரு எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். ஒரு வாரம் வேலை செய்து பார்த்துவிட்டு 15, அப்புறம் 20. மைனஸ் 30 வரை இடம் இருக்கிறது என்பதற்காக முதல் நாளே 30 வைக்காதீர்கள். பவர் எல்லை பிபிடி இந்தச் சிப்புக்கு 76 வாட். மே மாதத்தில் மட்டும் நான் அதை 65 ஆக்கிவிடுவேன். மைனஸ் 20, 65 வாட், அதே பாக்ஸ் கூலர்: 87 காட்டிய ரெண்டர் 79-க்கு வந்தது, வேகமும் முன்பைவிடக் குறையவில்லை.

இதில் எல்லோரும் ஏமாறுகிற இடம் சோதனை. அளவுக்கு மீறி வோல்டேஜ் இறக்கிய சிப் முழுச் சுமையில் நன்றாக ஓடும், சும்மா இருக்கும்போதுதான் விழும். எனக்கு மைனஸ் 25-ல் சினிபெஞ்ச் அரை மணி நேரம் அசையாமல் ஓடியது. அப்புறம் வாட்ஸ்அப்பில் கஸ்டமருக்கு ஒரு வரி டைப் செய்துகொண்டிருந்தபோது திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆனது. சுமை குறைந்த நேரத்தில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, அங்கே வோல்டேஜ் போதவில்லை. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் அந்த நிமிடத்தைத் தேடினால் வீயா லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் ஒரு பிழை இருக்கும், அதில் பிராசசர் எண்ணும் இருக்கும். எனக்கு வந்தது 6. ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் (விண்டோஸ் ஒவ்வொன்றையும் தனிப் பிராசசராக எண்ணும்), 0-லிருந்து எண்ணினால் அது 3-ஆம் கோர். அந்த ஒரு கோரை மட்டும் மைனஸ் 12-க்குத் திருப்பி, மற்றதை 20-ல் விட்டேன். அதற்குப் பிறகு விழவில்லை. ஒவ்வொரு கோராகச் சோதிக்க கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. இரவு ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள்.

வேகத்தைப் பார்க்கும்போது ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற சாஃப்ட்வேரில் எஃபெக்டிவ் கிளாக் என்ற வரியைப் பாருங்கள். வோல்டேஜ் போதாத சிப் 4.4 என்று காட்டிக்கொண்டே உள்ளே குறைவாக ஓடும். சினிபெஞ்ச் மதிப்பெண் இறங்கியிருந்தால் அதுதான் காரணம், வோல்டேஜைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள். வோல்டேஜுக்கு அதிலேயே எஸ்விஐ2 (SVI2) என்று வரும் வரியை நம்பலாம்.

பயாஸில் லோட்லைன் காலிபிரேஷனை ஆட்டோவிலேயே விடுங்கள். மோட்டார் போட்டதும் டியூப்லைட் லேசாக மங்குகிற மாதிரி, சுமை வந்ததும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்குவது இயல்பு. இந்த செட்டிங்கை உச்சத்தில் வைத்து வோல்டேஜை இறங்கவே விடாமல் பிடித்தால், சுமை போன கணத்தில் வோல்டேஜ் நீங்கள் வைத்த எண்ணைத் தாண்டி எகிறும். எந்தச் சாஃப்ட்வேரும் அந்த எகிறலைக் காட்டாது.

இனி கடல் காற்று. முத்தியால்பேட்டை என்பதால் இதைச் சொல்லாமல் விடமுடியாது. இரண்டு வருடம் கழித்து நான் கூலரைக் கழற்றியபோது அலுமினியத் தகடுகளின் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தூசி அதன்மேல் ஈரத்தோடு ஒட்டி, ஊதினாலும் போகவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தேன். சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்து விரல் நகத்தில் பொடியாக வந்தது. சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்ததற்கே 5 டிகிரி குறைந்தது, எந்த செட்டிங்கும் தொடாமல். கேபினெட்டைக் கடல் பக்க ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: இந்தச் சிப் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு கூலரோடு பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளைந்துவிடும். பத்து நிமிடம் சுமை கொடுத்துச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றியபின் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி விடுபட்டது தெரிந்தபிறகு மட்டும் தூக்குங்கள்.

இதற்கு மேலும் வேகம் வேண்டுமென்றால் முதலில் 120 மில்லிமீட்டர் டவர் கூலர் ஒன்று வாங்குங்கள். அதன்பிறகு பயாஸில் பூஸ்ட் ஓவர்ரைடில் (உச்ச வேகத்தை ஏற்றும் செட்டிங்) பிளஸ் 100 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். 200 வரை போகலாம். ஆனால் 100-க்கு மேல் வைத்து நான் எடிட்டிங்கில் ஒரு நிமிடம்கூட மிச்சம் பிடித்ததில்லை.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை கே சிப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், எதையும் தொடுவதற்கு முன் பயாஸைப் புதுப்பியுங்கள். அந்தச் சிப்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுத் தேய்ந்த பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டில் 1.55 வோல்டுக்கு மேல் கேட்கவிடாத மைக்ரோகோடு (பயாஸ் வழியாக வரும் சிப்பின் உள் திருத்தம்) வந்தது, அதற்குப் பின்னும் திருத்தங்கள் வந்தன. உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள்.

பயாஸ் புதுப்பிப்பை ஐப்பசி, கார்த்திகை மழையில் யூபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு எழுந்திருக்காமல் போகலாம். செட்டிங் மாற்றியதால் மட்டும் மெஷின் ஏறவில்லை என்றால் பயப்படவேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். எதையும் மாற்றுவதற்கு முன்பே, இருக்கும் செட்டிங் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூலரைத் துடைத்துப் பேஸ்ட் மாற்றியபின் மதியம் இரண்டு மணிக்கு என்ன டிகிரி காட்டுகிறது என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.