ஆறா, பத்தா? கணக்குச் சந்தேகங்கள்

கேள்வி: அறையின் மூலையில், சுவரை ஒட்டிப் படிப்படியாக அடுக்கிய கனச்சதுரங்களின் படம். ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் எண்ணிவிட்டு ‘ஆறு’ என்கிறாள். விடை பத்தாம். எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அவள் கண்ணில் பட்டதை மட்டும் எண்ணியிருக்கிறாள். கட்டம் போட்ட நோட்டில், அடுக்கை மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவத்தை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அந்த இடத்தின் உயரத்தை எழுதட்டும். சுவரோரம் 3, 2, 1, அடுத்த வரிசை 2, 1, முன்னால் 1. கூட்டினால் 10. கீழிருந்து அடுக்கு அடுக்காக எண்ணினாலும் 6, 3, 1 என்று அதே பத்துதான் வரும். ஆறு கட்டங்களிலும் உச்சியில் இருப்பது மட்டுமே படத்தில் தெரியும். மற்ற நான்கும் அவற்றுக்கு அடியில் மறைந்திருக்கின்றன.

அப்போதும் நம்பாவிட்டால் செய்து காட்டுங்கள். சேலத்தில் மரவள்ளிக்கிழங்குக்கா பஞ்சம்? தோல் சீவி, முதலில் 2 செ.மீ. கனத்தில் பலகை போல, பிறகு நீளக் குச்சிகளாக, கடைசியில் துண்டுகளாக நறுக்குங்கள். ஸ்கேல் வைத்து அளப்பது அவசியம். வெட்டு சாய்ந்தால் இரண்டாம் அடுக்கிலேயே சரியும். பச்சைக் கிழங்கைப் பிள்ளைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்கி முடித்ததும் ‘இது எத்தனை கன செ.மீ.?’ என்று கேளுங்கள். இருபது என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு துண்டு 2×2×2 = 8 கன செ.மீ.; பத்துக்கு 80.

‘சுவரை ஒட்டி’ என்று கேள்வியில் இருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால், மூன்றடுக்குக்குப் பின்னால் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கலாம். அப்படிப்பட்ட கேள்விக்குப் பத்து என்பது குறைந்தபட்ச விடைதான். சுவர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் ஒரே படத்தைக் கொடுத்து விடை கேட்பது சரியான கேள்வியே அல்ல.

கேள்வி: 3×3×3 கனச்சதுரத்தில் எதிரெதிர் முகங்களின் நடுவே மூன்று திசையிலும் துளை போட்டால் மிச்சம் 27−9 = 18 தானே? 20 என்கிறார்களே?
- வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: இருபதுதான் சரி. ஒரு துளைக்கு மூன்று கனச்சதுரம் போகும், உண்மை. ஆனால் மூன்று துளைகளும் மையத்தில் சந்திக்கின்றன. அங்கிருப்பது ஒன்றே ஒன்று. அதை நீங்கள் மூன்று முறை கழித்துவிட்டீர்கள். ஆறு முகங்களின் நடுவில் ஆறு, மையத்தில் ஒன்று, ஆக ஏழு போனால் மிச்சம் 20.

கூடவே மேற்பரப்பையும் போட்டுப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். முன்பு 6×9 = 54 சதுர அலகு. இப்போது வெளிப்புறம் 6×8 = 48; ஆறு துளைவாய்களிலும் நாலு நாலு உட்சுவராக 24; மொத்தம் 72. கன அளவு குறைந்திருக்கிறது, மேற்பரப்போ கூடியிருக்கிறது.